கொல்லிமலையும் கொள்ளைநோய்களும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறுகிற பிரயாணிக்கு, வல்வில் ஓரி ஆண்ட நாடு என்றும், சங்கப் புலவர் கொண்டாடிய பாவையின் இருப்பிடம் என்றும், அறப்பளீசுவரர் கோயில் கொண்ட தலம் என்றும், சித்தர்கள் மூலிகை தேடித் திரிந்த வனம் என்றும் கொல்லிமலையின் பெருமைகளை எடுத்துச் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஓரியின் கொடையைப் பாடினவர்களும் ஆகாயகங்கை அருவியை வருணிப்பவர்களும் தொடாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பஞ்சமும் காய்ச்சலும் கொள்ளைநோயும் தேசத்தைச் சூழ்ந்த காலங்களில் இந்த மலைமேல் குடியிருந்த ஜனங்கள் எதை நம்பி இருந்தார்கள், சர்க்கார் வைத்தியம் என்பது எப்போது, எந்த வழியாக, யார் கையில் அகப்பட்டு மேலே ஏறி வந்தது என்பதே அது.

தேசத்துக்குப் பேராபத்து நேருங்கால் சர்க்காரின் சுகாதார ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்று அறிய விரும்புகிறவர் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளைப் பார்த்து அளவு எடுத்தால் ஏமாந்து போவார். அங்கே எக்காலத்திலும் ஏதோ ஒன்று இருக்கும். ராஜ்யத்தின் எல்லா ஏற்பாடுகளும் கடைசியாக வந்து சேருகிற இடம் எதுவோ, அங்கே ஒரு செவிலியும் ஒரு குப்பி மருந்தும் ஆபத்துக்கு முந்தின நாளே வந்து காத்திருந்தனவா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். அத்தகைய கடைக்கோடியாக நூறு நூற்றைம்பது ஆண்டுகள் இருந்தது கொல்லிமலை. ஆகையால் அதன் கதை ஒரு மலையின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து பரந்து கிடக்கும் இந்த மேட்டு நிலத்தில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் என்று வழங்கும் பழங்குடி மக்கள். மலையை ஆள்வதால் வந்த பெயர் இது; கேரளத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர் மூவரின் வழியினர் தாங்கள் என்பதும், ஒருவர் சேர்வராயன் மலையிலும் ஒருவர் கொல்லியிலும் ஒருவர் பச்சைமலையிலும் குடியேறினர் என்பதும் அவர்கள் கர்ணபரம்பரையாகச் சொல்லி வரும் வரலாறு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என மலை பல நாடுகளாகப் பிரிந்து, ஊருக்கு ஒரு கவுண்டரும் நாட்டுக்கு ஒரு பெரிய கவுண்டருமாகத் தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டு வந்தனர். ஆபத்துக்கு அவர்கள் செய்து வைத்திருந்த ஏற்பாடு இரண்டு. ஒன்று தானியம்: சாமையும் தினையும் கேழ்வரகும் நெல்லைப் போலச் சீக்கிரம் புழுத்துப் போகாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பில் கிடக்கக் கூடியவை. மற்றொன்று விலகல்: அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அயலார் வரவையும் தாளிப்பையும் நிறுத்தி, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்கும் தமிழ்நாட்டுப் பொது வழக்கம். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அயலார் வரவை நிறுத்துவது எந்தச் சுகாதார அதிகாரியும் முதலில் இடுகிற கட்டளைதான் என்பதையும் நாம் மறக்கலாகாது. அவ்வழக்கம் நோயின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். நோய் வீட்டுக்குள் புகுந்த பின்னர் அதனிடம் உபாயம் எதுவும் இல்லை.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை வதைத்ததைப் போலச் சென்னை ராஜதானியில் வதைத்த ஜில்லாக்கள் சிலவே. 1871-ஆம் வருஷக் கணக்கில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-ல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பசியால் நேரே மாண்டவர்களோடு, பசியால் மெலிந்து கஞ்சித்தொட்டிகளுக்கும் நிவாரண முகாம்களுக்கும் திரண்டு சென்று அங்கே வாந்திபேதிக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்களும் எண்ணற்றோர். சென்னை ராஜதானியில் 1864 முதலே சுகாதார மேற்பார்வைக்கென்று ஏற்பாடு ஒன்று இருந்ததாயினும், அதன் கவனம் பெரும்பாலும் பட்டாளங்களின் மேலும் ஜெயில்களின் மேலும் பெருநகரங்களின் மேலுமே இருந்தது. எண்ணிக்கை எடுப்பதில் காட்டிய திறமையைக் காப்பாற்றுவதில் அந்தச் சர்க்கார் காட்டவில்லை என்று சொன்னால் அது கடுஞ்சொல் ஆகாது.

அக்காலத்துச் சர்க்கார் வைத்தியத்தில் கிராமம் வரைக்கும் நடந்து வந்த ஒரே உத்தியோகஸ்தர் அம்மை குத்துகிறவர். 1884-ல் அம்மை குத்துவதற்கென்று சென்னையில் ஒரு சட்டம் பிறந்தது; 1899-ல் ஜனன மரணப் பதிவுக்கு மற்றொரு சட்டம் பிறந்தது; கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையம் ஏற்பட்டு, கன்றுகளின் உடலில் வளர்த்த அம்மைப்பாலை ராஜதானி முழுவதும் அனுப்பத் தொடங்கியது. அம்மைப்பால் வெப்பத்தில் வீரியம் இழந்துவிடும் சரக்கு. ரயிலில் வந்து, கட்டை வண்டியில் மாறி, அடிவாரத்திலிருந்து மனிதன் தோளில் ஏறி மலை உச்சி சேருவதற்குள் அதில் எவ்வளவு வீரியம் மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், சட்டப் புஸ்தகத்துக்கும் குழந்தையின் கைக்கும் இடையே இருந்த தூரம் புலப்படும். மருந்து இருக்கிறதா என்பதோடு, அது கெடாமல் போய்ச் சேருமா என்பதும் ஒரு கேள்வி. பிற்காலத்தில் குளிர்பதனப் பெட்டி வந்து அதற்கு விடை சொல்லும் வரை நூறு வருஷம் இக்கேள்வி காத்திருந்தது.

கொல்லிமலையின் உண்மையான சத்துரு அம்மையல்ல, காய்ச்சல். முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல், மலைக்காய்ச்சல் என்று ஜனங்கள் பலவாறு வழங்கிய மலேரியாவுக்கு இம்மலை பேர்போனது. பக்கத்திலேயே ஏற்காட்டில் பங்களாக்கள் கட்டிக் காப்பித் தோட்டம் போட்டுச் சௌக்கியமாகக் குடியேறிய வெள்ளைக்காரர்கள், ஏறத்தாழ அதே போன்ற உயரமும் குளிர்ச்சியும் வாய்ந்த கொல்லியை ஒதுக்கி விட்டதற்கு இந்தக் காய்ச்சலும் பாதை இல்லாமையுமே பெரிய காரணங்கள். தெளிந்து ஓடும் மலை ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகும் ஒருவகை அனோபிலிஸ் கொசுவே தென்னிந்திய மலைகளில் இதைப் பரப்புவது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. சாக்கடையும் தேங்கிய நீரும் இல்லாத இடத்தில் காய்ச்சல் ஏன் என்று திகைத்தவர்களுக்கு அது நல்ல விடை. அழகிய ஓடையே நோயின் தொட்டிலாக இருந்தது.

மருந்து இல்லாமல் இல்லை. 1860 முதல் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சர்க்காரே சிங்கோனா மரங்களைப் பயிரிட்டு, நடுவட்டத்துத் தொழிற்சாலையில் கொயினா காய்ச்சி வந்தது. தபால் ஆபீஸ்கள் மூலமாகச் சிறு பொட்டலங்களில் கொயினா விற்கும் முறையும் இந்தியாவில் ஏற்பட்டது. மருந்து விளைகிற மலையும் மருந்துக்கு ஏங்குகிற மலையும் ஒரே ராஜதானியில் இருந்தும், இரண்டுக்கும் இடையே தபால் ஆபீஸ் இல்லை, பாதை இல்லை, கொடுப்பதற்கு ஆள் இல்லை.

ஆள் வந்தது எதிர்பாராத திக்கிலிருந்து. ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலப் பாதிரியார் 1913-ல் தம் மனைவி ஈவ்லினுடன் மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார். இலண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருஷம் உஷ்ணப் பிரதேச நோய்களுக்கான வைத்தியம் படித்ததே அவருடைய வைத்தியத் தகுதி. பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். அவர்கள் வந்த நோக்கம் மதப் பிரசாரம் என்பதை அவர்களே மறைத்ததில்லை. அந்நோக்கத்தோடு உடன்படாதவரும் அவர்கள் செய்த வேலையை மறுக்க இடமில்லை. பல் பிடுங்குவது முதல் புண் கட்டுவது வரை, கொயினா கொடுப்பது முதல் மரவேலை சொல்லிக் கொடுப்பது வரை எல்லாம் அவர் கைவேலையாயிற்று. அந்தக் குடும்பத்தார் எழுதி வைத்திருக்கும் வரலாறுகளில், முதலில் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் காய்ச்சலில் மரணத் தறுவாயில் கிடந்தபோது தம் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்த சம்பவம் முக்கிய இடம் பெற்றிருக்கிறது.

1918-ஆம் வருஷம் வந்தது. ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய விஷக்காய்ச்சல், அவ்வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மறுபடி எழுந்து ரயில் பாதைகள் வழியே தேசமெங்கும் பரவிற்று. தென்மேற்குப் பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்த வருஷம் அது. சர்க்கார் டாக்டர்களில் பலர் ஐரோப்பிய மகாயுத்தத்துக்குப் பட்டாளங்களோடு போயிருந்தார்கள். இந்தியாவில் அந்த இன்புளுயன்ஸாவால் மாண்டவர்கள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். மகாயுத்தத்தில் எல்லாத் தேசத்துப் போர்வீரர்களுமாக மாண்டதைவிட இது அதிகமாகவே இருக்கக்கூடும். சிறுவரையும் கிழவரையும் கொண்டு போவது சாதாரணக் காய்ச்சலின் இயல்பு. இதுவோ இருபது முதல் நாற்பது வயது வரையிலான திடகாத்திரர்களைத் தேடிப் பிடித்தது. அதனால் ஒரு வீட்டில் சமைக்கிறவள், தண்ணீர் கொணர்கிறவள், விறகு வெட்டுகிறவன் எல்லாரும் ஒரே நாளில் பாயில் விழுந்தார்கள். நோயால் சாகாதவர்களும் ஒருவாய்த் தண்ணீர் கொடுப்பாரில்லாமல் சாகும் நிலை உண்டாயிற்று.

அந்நோய்க்கு அன்று உலகில் எங்கும் மருந்து கிடையாது. இலண்டன் மாநகரத்து ராஜ வைத்தியர்களும் கைவிரித்தார்கள். பிராண்டு தம்பதிகள் செய்தது என்னவென்றால், பெரிய பாத்திரங்களில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராக எடுத்துச் சென்று, படுத்துக் கிடந்தவர்களின் வாயில் ஊற்றினார்கள். இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர் அவர்களுடைய மகன் பால் பிராண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குஷ்டரோகிகளின் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற அதே டாக்டர், கொல்லிமலையில் ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளை. கஞ்சி ஊற்றுவதும் வைத்தியமா என்று கேட்கலாம். நோயாளியின் உடம்பு தானே போராடி ஜெயிக்கும் வரையில் அவனைப் பட்டினியாலும் தாகத்தாலும் சாகவிடாமல் வைத்திருப்பது வைத்தியத்தில் முக்கால் பங்கு என்பதை, நூறு வருஷத்துக்குப் பின்னர் மற்றொரு தொற்று நமக்குத் திரும்பவும் கற்பித்தது. அக்கஞ்சியை ஊற்ற மலைமேல் இரண்டு பேர் முன்னமே வசித்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் அவர்களை ஐந்து வருஷமாக அறிந்திருந்தார்கள். அவர்கள் கொடுத்ததை வாங்கிக் குடித்தார்கள். நோய் வந்த பிறகு கீழேயிருந்து அந்நியர் இருபது பேர் ஏறி வந்திருந்தாலும் இவ்வளவு நடந்திருக்குமா என்பது சந்தேகம். சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை இரண்டு தனிமனிதர்கள் செய்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. சர்க்காருக்கு அது பெருமையன்று.

நரம்புச் சிலந்தி என்னும் நோயிலும் ஜெஸ்ஸி பிராண்டு காட்டிய வழி குறிப்பிடத் தக்கது. ஜனங்கள் இறங்கிக் கால் நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் வழியே உட்புகும் அந்தப் புழு, ஒரு வருஷம் உடலுக்குள் வளர்ந்து, காலில் கொப்புளமாய் வெளிப்படும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே இழுப்பது ஒன்றே சிகிச்சை. அவர் புழுவையும் இழுத்தார். அத்தோடு நில்லாமல், கால் படாதபடி கல் கட்டிய கிணறு வெட்டும்படி ஊராரைத் தூண்டினார். பிற்காலத்தில் தேசம் முழுவதும் படிக்கிணறுகளை மாற்றியமைத்துச் சர்க்கார் செய்ததும் இதுவே. 1996-ல் இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி கண்டறியப்பட்டு, 2000-ல் தேசம் அந்நோய் நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்று அளித்தது. மருந்தே இல்லாமல் ஒழிந்த நோய் அது. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டு, மலேரியாவின் கொடிய வடிவமான, சிறுநீர் கறுத்துப் போகும் காய்ச்சலால் மலைமேலேயே காலமானார். வயது 44. தூக்கிக்கொண்டு இறங்கப் பாதையில்லாத மலை, மற்றவர்களுக்கு எப்படியோ அவருக்கும் அப்படியே இருந்தது. அவர் மனைவி ஈவ்லின் அம்மாள் முதுமையிலும் இம்மலைகளையே சுற்றி வந்து, 95-ஆம் வயதில் 1974-ல் காலமாகி, கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கீழே சமவெளியில் இதற்கிடையே சர்க்கார் வைத்தியத்தின் அஸ்திவாரம் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. பனகல் ராஜா முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1920-களின் முற்பகுதியில், நோய் தீர்ப்பதற்கான இலாகாவினின்றும் வேறாக நோய் தடுப்பதற்கென்று பொதுச் சுகாதார இலாகா தனியே வகுக்கப்பட்டது. கிராமங்களில் தங்கித் தொழில் செய்யும் வைத்தியர்களுக்கு மானியம் தரும் திட்டமும் ஏற்பட்டது. பிறகு ராஜாஜி மந்திரிசபையில், தாமே டாக்டரான தி. சே. சௌ. ராஜன் சுகாதார மந்திரியாயிருந்த 1939-ல், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. தேசத்திலேயே இவ்வகையில் அதுவே முதற் சட்டம். தொற்றுநோய் கண்டால் யார் யாருக்கு அறிவிக்க வேண்டும், நோயாளியை எங்கே பிரித்து வைக்க வேண்டும், கிணற்றை மூட யாருக்கு அதிகாரம் என்பனவற்றையெல்லாம் ஆபத்து இல்லாத நாளிலேயே எழுதி வைத்த சட்டம் அது. ஆபத்து வந்த பிறகு அதிகாரத்தைத் தேடி ஓடுவதற்கும் முன்பே அதிகாரம் வகுத்து வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அதை எழுதினவர்கள் அறிந்திருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது தமிழ்நாட்டுச் சர்க்கார் கையிலெடுத்த ஆயுதங்களில் ஒன்று, 81 வயதான இந்தச் சட்டம்.

இரண்டாவது மகாயுத்தம் மற்றொரு பாடம் புகட்டியது. உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்த காலம். 1942-ல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் அந்த ஊற்று ஒரே நாளில் அடைபட்டது. நீலகிரியில் சொந்தமாகச் சிங்கோனாத் தோட்டம் வைத்திருந்தும், விலை மலிவென்று ஜாவாவையே நம்பி உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்காமல் விட்டிருந்த இந்தியாவில், மலேரியா மலைகளில் வாழ்ந்தவர்களுக்கு மருந்து எட்டாக்கனியாயிற்று. சேமித்து வைத்தல் என்பது செலவுக் கணக்கில் எப்போதும் வீண் செலவாகவே தோன்றும். அது வீணல்ல என்று தெரிகிற நாளில் அதை வாங்க இடமிருக்காது. அந்த யுத்தத்தின் நடுவிலேயே 1943-ல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நமது டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். 1946-ல் அக்குழு கொடுத்த அறிக்கை, முதற்படியாக 40,000 ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. கொல்லிமலை மேல் இன்று வாழ்பவர்கள் ஏறத்தாழ அவ்வளவு பேரே.

சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் வருஷத்துக்கு 7 கோடியே 50 லட்சம் பேருக்கு மலேரியா கண்டு, 8 லட்சம் பேர் மாண்டுகொண்டிருந்தார்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-ல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. முதுகில் பம்பைச் சுமந்து வீடு வீடாக டி.டி.டி. மருந்தடித்தவர்களும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து, காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று விசாரித்து, விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து, வந்து போன தேதியைச் சுவரில் குறித்துச் சென்ற மலேரியா ஊழியர்களுமாக ஒரு பெரும் படை கிளம்பிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்தக் கட்டங்கள் நெடுங்காலம் இருந்தன. சர்க்கார் என்பது வரி கேட்க வருவது என்று மட்டும் அறிந்திருந்த குடிகளுக்கு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்த முதல் சர்க்கார் அதுதான். 1965-ல் நோயாளிகளின் தொகை சுமார் 1 லட்சத்துக்கு இறங்கியது. ஜயபேரிகை கொட்டினார்கள். 1976-லோ அது 64 லட்சத்துக்கு மேல் ஏறிவிட்டது.

இந்த வீழ்ச்சிதான் நம் விஷயத்துக்கு மிகவும் அவசியமானது. கொசுக்கள் டி.டி.டி.க்குப் பழகிவிட்டன என்பதும், மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது என்பதும் உண்மையே. அவற்றோடு, படையெடுப்பு முடிந்தபின் பிடித்த இடத்தைக் காத்து நிற்க வேண்டிய சாதாரண சுகாதார நிலையங்கள் தேசத்தின் பல பாகங்களில் எழுந்திருக்கவே இல்லை என்பதும் பெரிய காரணமாயிற்று. யுத்தகால வேகத்தில் ஒரு நோயை அடித்து விரட்டலாம். அது திரும்பி வராமல் பார்ப்பதற்கு வேண்டியது, மாதச் சம்பளத்துக்கு, அதே ஊரில், அதே நாற்காலியில், ஒன்றும் நடக்காத நாளிலும் உட்கார்ந்திருக்கும் ஒருவர். அவசர காலத்துக்கென்று தனியாக ஒரு வைத்திய ஏற்பாடு உலகில் எங்கும் கிடையாது என்பதே என் கருத்து. அன்றாடம் பிரசவம் பார்த்து, குழந்தைக்கு ஊசி போட்டு, இருமலுக்கு மருந்து கொடுத்துவரும் ஏற்பாடு எதுவோ, அதுவே அவசரத்திலும் எழுந்து நிற்க வேண்டும்.

அவ்வகையில் பார்த்தால் கொல்லிமலையில் நேர்ந்த பெரிய வைத்தியப் புரட்சி மலைப்பாதை. தொட்டில் கட்டி இருவர் தோளில் வைத்து நோயாளியைச் சரிவில் இறக்கிய காலம் போய், மலைமேலுள்ள செம்மேடு வரை பஸ் ஓடலாயிற்று. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்ற ஆரம்ப சுகாதார நிலையக் கணக்கு, மலைநாட்டுக்கு 20,000 பேருக்கு ஒன்று என்று தளர்த்தப்பட்டது. 3,000 பேருக்கு ஒரு துணை நிலையமும் அதில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரும் என்று வகுக்கப்பட்டது. செம்மேட்டில் அரசு ஆஸ்பத்திரி எழுந்தது. காலியிடங்களும், மலைக்கு மாற்றலானால் தண்டனையாக நினைத்த டாக்டர்களும், மழைக்காலத்தில் எட்டாத குக்கிராமங்களும் இந்த வரலாற்றில் இல்லாமல் இல்லை. அவற்றை விரித்தால் அதுவே தனி நூலாகும்.

பெரிய ஆபத்து 2004 டிசம்பர் 26 அன்று கடலிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோன ஆழிப்பேரலைக்குப் பின், கிணறுகளில் உப்புநீர் புகுந்து, லட்சக்கணக்கானவர் முகாம்களில் நெருங்கிக் கிடந்தும், 1877-ல் நடந்ததைப் போல வாந்திபேதி வந்து முகாம்களைச் சூறையாடவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அனுப்பப்பட்டுக் குளோரின் கலப்பதும் வீடு வீடாக விசாரிப்பதுமாக உழைத்தார்கள். 1994-ல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டந்தோறும் கிடங்குகளில் முன்னரே மருந்து சேமித்து வைத்திருந்தது. ஜாவாவின் பாடத்தை இந்த ஒரு ராஜ்யமாவது கற்றுக்கொண்டிருந்தது என்று நாம் திருப்தி அடையலாம். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடத் தொடங்கியது.

2020-ல் ஊரடங்கின் போது சுற்றுலாத் தலங்களெல்லாம் மூடப்பட, மலைகள் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அமைதியில் ஆழ்ந்தன. அயலார் வரவை நிறுத்தும் பழைய வழக்கம் இம்முறை சர்க்கார் உத்தரவாகவே வந்தது. மறு ஆண்டு ஜனவரி 16 அன்று தேசத்தில் தடுப்பூசி தொடங்கியபோது, 2 முதல் 8 டிகிரி வெப்ப அளவில் அதை வைத்துக் காக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெட்டிகள் தயாராக இருந்தன. கொரோனாவுக்காக வாங்கியவை அல்ல அவை. குழந்தைகளுக்குப் போலியோவுக்கும் தட்டம்மைக்கும் ரணஜன்னிக்கும் மருந்து வைக்கப் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தவை. ஊசி போட்ட கையும் அப்படியே: தாயின் பிரசவத்துக்கு நாள் குறித்தவள், பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுத்தவள், இப்போது பாட்டிக்குக் கொரோனா ஊசி போட வந்தாள். முன்பின் அறியாத ஊசிக்குக் கை நீட்டத் தயங்கின ஜனங்கள் தமிழ்நாட்டில் எங்கும் இருந்தார்கள். அத்தயக்கத்தைப் போக்கச் சுவரொட்டிகளைவிட அறிந்த முகம் அதிகம் உதவிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. அடுத்த பேராபத்து எந்த வடிவில் வந்தாலும், எந்த வீட்டில் யார் நோயாளி என்று அறிந்த ஒருவர் அன்று ஒவ்வோர் ஊரிலும் இருப்பாரேயானால் அதற்கு இந்த மாத்திரைப் பையும் ஒரு காரணமாகும்.

நாமக்கல்லில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதில் பயிலும் மாணவர்களுக்கும், மலைமேல் ஆசிரியராகவோ செவிலியராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ பணிபுரியும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இம்மலையின் நோய் வரலாற்றில் பாதியளவு ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் நினைவுக் குறிப்புகளில் மட்டுமே தங்கியிருக்கிறது. மற்றப் பாதி, கர்ணம் எழுதிய ஜனன மரணப் பதிவேடுகளிலும், அம்மை குத்திய கணக்குகளிலும், மலேரியா இரத்தச் சோதனைப் புஸ்தகங்களிலும், துணை நிலையங்களின் அலமாரிகளில் கட்டிப் போட்ட பழைய தாய்-சேய்ப் பதிவுகளிலும், மருந்தடிக்க வந்தவரை நினைவு வைத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டிமாரின் வாயிலும் கிடக்கிறது. பழைய காகிதம் என்று அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல், கரையானுக்கும் கொடுத்துவிடாமல், தேடி எடுத்துப் படியெடுத்துக் கல்லூரி நூலகத்தில் சேர்த்து வையுங்கள். பாட்டிமாரிடம் கேட்க வேண்டியதை இந்த ஆண்டே போய்க் கேளுங்கள்.